பயிற்சியாளர் பதில்கள்: சேர்ந்து குதிக்காதீர்கள், பாருங்கள்

கேள்வி: பன்னிரண்டு வருடமாக உடற்பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். ஊரடங்கு வந்ததும் ஜூமுக்கு மாறினேன். கூடத்தில் ஒரே நாளில் மூன்று வகுப்பு எடுத்தபோதுகூட இவ்வளவு அசந்ததில்லை. இப்போது ஒரே வகுப்பில் தொண்டை கட்டிவிடுகிறது, முட்டி வலிக்கிறது. யார் சரியாகச் செய்கிறார்கள் என்றும் தெரியவில்லை. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: மொத்த வகுப்பையும் அவர்களோடு சேர்ந்து நீங்களும் செய்கிறீர்கள், அங்கேதான். குறை சொல்லவில்லை. 2020 மார்ச்சில் கூடத்தைப் பூட்டிய பிறகு ஒரு மாதம் நானும் அப்படித்தான் குதித்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் என்ன செய்வோம்? இரண்டு முறை செய்து காட்டுவோம். அப்புறம் வரிசைக்கு நடுவே நடப்போம், ஒருவர் தோளைத் தட்டி இறக்குவோம், இன்னொருவர் பக்கத்தில் குனிந்து முட்டியைப் பார்ப்போம். கேமரா முன்னால் நின்றதும் அதெல்லாம் மறந்துபோய், டிவியில் வருகிறவர் மாதிரி விடாமல் ஆட ஆரம்பித்துவிடுகிறோம்.

எனக்கு உறைத்தது, ஒரு நாள் வகுப்பைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தபோது. கீழ்க் கட்டம் ஒன்றில் ஒரு அம்மா இருபது ஸ்குவாட்டையும் (முட்டியை மடக்கி உட்காருவதுபோல் இறங்கி எழும் பயிற்சி) குதிகாலைத் தூக்கியபடியே செய்து முடித்தார். இரண்டு முட்டியும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றோடொன்று இடித்தன. அந்த நேரம் முழுக்க என் குரல், 'அருமை, அருமை, இன்னும் நாலு!' லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது ஒவ்வொரு பயிற்சியையும் நாலு முறை காட்டுவேன், அவ்வளவுதான். பிறகு திரைக்குப் பக்கத்தில் வந்துவிடுவேன். மைக்குக் கிட்டே நின்று பேசுவதால் கத்த வேண்டியதில்லை. உங்கள் தொண்டைக்கும் மருந்து அதுதான்.

நீங்கள் பார்க்க வேண்டுமானால் அவர்கள் தெரிய வேண்டும். போனைத் தரையில் சாய்த்து வைத்தால் தாடையும் கூரையும்தான் தெரியும். நாற்காலி மேல், இடுப்பு உயரத்தில், படுக்கைவாட்டில் வைத்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் ஆள் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். ஸ்குவாட்டில் முதல் சுற்று நேராக நிற்கட்டும், முட்டி உள்ளே சாய்வது தெரியும். இரண்டாவது சுற்றுக்குப் பக்கவாட்டில் திரும்பட்டும், முதுகும் குதிகாலும் தெரியும்.

தொட்டுத் திருத்த முடியாததால் சொல்லில்தான் தொட வேண்டும். 'முட்டியைக் கவனியுங்கள்' என்று பொதுவாகச் சொன்னால் சரியாகச் செய்கிறவர்தான் பயந்து மாற்றிக்கொள்வார். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்த அம்மாவைப் பின்னால் ஒரு ஸ்டூல் போட்டு, அதில் மெல்ல உட்கார்ந்து எழச் சொன்னேன். மூன்றாவது வகுப்பில் குதிகால் தரையைவிட்டு எழும்பவில்லை.

கேள்வி: நான் போடும் பாட்டு அவர்களுக்கு விட்டுவிட்டுக் கேட்கிறதாம். தாளத்துக்கும் யாரும் ஒத்துவருவதில்லை.

பதில்: இரண்டும் வேறு வேறு தொல்லை. அறையில் ஓடும் பாட்டை ஜூம் இரைச்சல் என்று நினைத்து அமுக்கப் பார்க்கும். திரையைப் பகிரும் இடத்தில் கணினியின் ஒலியை மட்டும் அனுப்பும் வசதி இருக்கிறது, அதன் வழியாகப் பாட்டைப் போட்டால் தீரும். தாளம் அப்படித் தீராது. ஒலியும் படமும் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தாமதித்துத்தான் போகும், அதுவும் ஆளுக்கு ஒரு அளவில். எனவே 'ஐந்து, ஆறு, ஏழு, எட்டு' என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். '40 விநாடி செய்யுங்கள், 20 விநாடி ஓய்வு' என்று கடிகாரத்துக்கு மாறினேன். பாட்டு அவரவர் வீட்டில் அவரவர் இஷ்டம்.

கேள்வி: பாதிப் பேர் கேமராவை மூடிவிடுகிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். வீடு கலைந்து கிடக்கும், பின்னால் யாராவது நடமாடுவார்கள், எத்தனையோ சங்கடம். ஆனால் பார்க்க முடியாதவருக்குக் கடினமான வகையைக் கொடுக்காதீர்கள். சுற்றுக்கு நடுவே 'ஒரு முழு வாக்கியம் பேசிப் பாருங்கள்' என்பேன். பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதமான வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கே மூச்சு வாங்கினால் நன்றாகவே உழைக்கிறார், இன்னும் ஏற்ற வேண்டாம். எவ்வளவு சிரமமாக இருந்தது என்று 1 முதல் 10-க்குள் ஒரு எண்ணை அரட்டைப் பெட்டியில் போடச் சொல்வேன். ஒருவர் மூன்று வாரமாக 5 மட்டுமே போட்டுக்கொண்டிருந்தார். கேட்டால், பாதி நேரம் சோபாவில் இருந்தாராம்!

கேள்வி: இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் துண்டித்துவிடுகிறதே?

பதில்: வகுப்பை 35 நிமிடமாக வையுங்கள். கடைசி நீட்சிப் பயிற்சியின் நடுவில் துண்டித்தால் யாரும் திரும்பி வரமாட்டார்கள்.

கேள்வி: வலது, இடது குழப்பத்துக்கு என்ன வழி?

பதில்: அவர்களைப் பார்த்து நின்று வாயால் 'வலது' என்று சொல்லி, உங்கள் இடது கையைத் தூக்குங்கள். கண்ணாடியைப் பார்ப்பதுபோல் பின்பற்றுவார்கள். உங்கள் திரையில் உங்கள் உருவம் இடவலம் மாறித் தெரியும், அதைப் பார்த்துத் தடுமாறாதீர்கள். மற்றவர்களுக்கு மாறாமல்தான் போகிறது. கூடத்தில் எனக்கு இந்தச் சிக்கலே இல்லை, 'ஜன்னல் பக்கம் திரும்புங்கள்' என்றால் போதும். முதல் ஆன்லைன் வகுப்பிலும் பழக்கதோஷத்தில் அதையே சொன்னேன். பதினோரு பேரும் பதினோரு பக்கம் திரும்பினார்கள். ஒருவர், 'எங்கள் அறையில் ஜன்னலே இல்லையே?' என்றார்.