குமாஸ்தாக்கள் ஆடிய கால்பந்து

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். என் மகனுக்குப் பதினாறு வயது. கால்பந்து தவிர வேறு நினைப்பே இல்லை. ஓர் அகாடமியில் இருந்து அழைப்பு வந்திருக்கிறது. சேர்ந்தால் பள்ளிக்கூடம் போக முடியாது, பிளஸ் டூவைத் தனித்தேர்வராகத்தான் எழுத வேண்டும். இந்தியன் சூப்பர் லீக் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு பயமாக இருக்கிறது. இந்த லீக்குக்குப் பொருளாதார ரீதியாக எதிர்காலம் உண்டா? பத்து வருடத்தில் ஐபிஎல் போல வளருமா? வெளிநாட்டு முதலீடும், ஜெயிக்கிற அணி மேல் டிவிஷனுக்கு ஏறி, தோற்கிற அணி கீழே இறங்குகிற ப்ரமோஷன், ரெலிகேஷன் முறையும் முழுமையாக வந்தால் சரியாகிவிடுமா? ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். பேங்க் டீம், ரயில்வே டீம், போலீஸ் டீம் என்று நடந்துகொண்டிருந்த குமாஸ்தா கால்பந்தை ஒழித்துக்கட்டியது ஐஎஸ்எல் செய்த நல்ல காரியம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாக இதே விஷயத்தை மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் சரியாக அந்த இடத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

முதலில் மற்றவற்றை முடித்துவிடுகிறேன். ஐபிஎல் போல வளருமா என்றால், வளராது. ஐபிஎல்லின் 2023 முதல் 2027 வரையிலான ஐந்து வருட ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த நாட்டில் எந்த விளையாட்டும் உருப்படாது. வெளிநாட்டு முதலீடு வந்து பார்த்தாயிற்று. மான்செஸ்டர் சிட்டியின் உரிமையாளர்கள் 2019இல் மும்பை சிட்டியில் 65 சதவீதம் வாங்கினார்கள், 2025 டிசம்பரில் விலகிப் போனார்கள். ப்ரமோஷன் வேண்டும்தான். ஆனால் மேலே ஏறி வருகிற அணி சம்பளம் கொடுக்க முடியாமல் நின்றால் அதனால் யாருக்கு என்ன லாபம்?

நீங்கள் 'பட்ட பாடு' என்று இரண்டே வார்த்தையில் எழுதியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும், மற்ற வாசகர்களுக்காக. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளைப் பதினைந்து வருடத்துக்கு 700 கோடி ரூபாய்க்கு ஐஎம்ஜி-ரிலையன்ஸ் என்ற கம்பெனிக்குக் கொடுத்தது. அதன்மேல்தான் 2014இல் ஐஎஸ்எல் எழுந்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிகிறது என்பது கையெழுத்துப் போட்ட நாளிலேயே எல்லோருக்கும் தெரியும். சம்மேளனத்தின் சட்டவிதி வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புது ஒப்பந்தம் போட முடியவில்லை. ஜூலையில் சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணிக்கும் பணியாளர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது, சென்னையின் எஃப்சியும் அதே வழியில் போனது. அக்டோபரில், வருடத்துக்குக் குறைந்தது 37.5 கோடி உத்தரவாதம் கேட்டு டெண்டர் விட்டார்கள். கெடு முடிந்தபோது ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. கடைசியில் அரசு தலையிட்டு, 2026 பிப்ரவரியில் ஒரு குறுகிய சீசன் தொடங்கியது.

நீங்கள் கணக்குப் படித்தவர். ஒரு நிறுவனம் பதினோரு வருடம் நடந்த பிறகும் ஒரே ஓர் ஒப்பந்தம் காலாவதியானதும் சம்பளம் போட முடியாமல் நிற்கிறது என்றால் அதற்கு வருமானம் என்று ஒன்று இருந்ததா? உரிமையாளர் வருடாவருடம் போட்டுக்கொண்டிருந்த பணம் அது. அவர் மனம் இருக்கும்வரை வரும். ஹைதராபாத் எஃப்சி 2021-22இல் கோப்பையை வென்றது. இரண்டே வருடத்தில் சம்பள பாக்கியால் வீரர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். 2025இல் அந்த அணி டெல்லிக்குப் பெயர்ந்து வேறு பெயர் வைத்துக்கொண்டது. டெல்லி டைனமோஸ் அதற்கு முன்பே புவனேசுவரத்துக்குப் போய் ஒடிசா எஃப்சி ஆகியிருந்தது. பூனே சிட்டி 2019இல் இழுத்து மூடப்பட்டது. ஐஎஸ்எல்லுக்கு முன்பிருந்தே நடக்கிற தேசிய லீக்கான ஐ-லீக்கும் இதே கதைதான். கோயம்புத்தூரில் ஆடி 2018-19இல் பட்டம் வென்றதே சென்னை சிட்டி, உங்கள் பக்கத்து ஊர், நீங்கள்கூட மகனைக் கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். சில வருடங்களில் அது லீக்கிலேயே இல்லை.

சரி, குமாஸ்தா கால்பந்துக்கு வருகிறேன்.

என் சித்தப்பா ஒரு வங்கி அணியில் ஆடியவர். லெஃப்ட் ஹாஃப். எண்பதுகளின் கடைசியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எடுத்தார்கள். விடிகாலையில் மைதானம், பத்து மணிக்கு வங்கி, லீக் நடக்கும் மாதங்களில் மதியத்துக்கு மேல் பர்மிஷன். அவர் உட்கார்ந்திருந்த கேஷ் கவுன்டரை நான் பார்த்திருக்கிறேன். ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டு நோட்டு எண்ணுவார். வலது கால் கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும், அதனால் ஷூ போடாமல் செருப்போடு வருவார், மேனேஜர் ஒன்றும் சொல்லமாட்டார். பக்கத்துக் கவுன்டர் காலியாக இருந்தாலும் ஜனங்கள் இவர் வரிசையில்தான் நிற்பார்கள். வடசென்னைக்காரர்கள். பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே, "இன்னா சார், நேத்து அந்த கார்னர்ல நீ ஏன் மேல ஏறல?" என்று கேட்பார்கள். இவரும் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார். சொல்லிவிட்டு மறுபடி முதலில் இருந்து எண்ணுவார்.

இருபத்தேழு வயதில் முழங்கால் லிகமென்ட் கிழிந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது. வேலை முடியவில்லை. மேனேஜராகி ஓய்வு பெற்றார். இப்போது பென்ஷன் வாங்குகிறார். இரண்டு பெண்களைப் படிக்க வைத்தார்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். சித்தப்பாவைவிட நல்ல ஆட்டக்காரன், அவரே சொல்வார். ஒரு கிளப்பில் இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டாவது வருடம் அதே முழங்கால், அதே லிகமென்ட். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள், மூன்று மாதச் சம்பள பாக்கியோடு. இப்போது ஒரு டர்ஃபில் புக்கிங் பார்த்துக்கொள்கிறான். இவனை நீங்கள் தொழில்முறை ஆட்டக்காரன் என்கிறீர்கள். என் சித்தப்பாவைக் குமாஸ்தா என்கிறீர்கள். எதை வைத்து, ஆர்.? சம்பளச் சீட்டு யார் பெயரில் வந்தது என்பதை வைத்தா?

அந்தக் குமாஸ்தாக்கள் யார் என்று தெரிந்துகொள்ளாமல் பேசாதீர்கள். திருச்சூர் மைதானத்தில் சோடா விற்ற சிறுவன் ஐ.எம். விஜயனைக் கேரள போலீஸ்தான் எடுத்தது. இந்திய அணிக்குத் தலைவராக இருந்த வி.பி. சத்யனும் ஆடிய அந்த அணி 1990இலும் 1991இலும் ஃபெடரேஷன் கப்பை வென்றது, நாட்டின் கிளப்புகள் மோதிய போட்டியை. விஜயன் போலீஸை விட்டு கல்கத்தாவின் மோகன் பாகானுக்குப் போனார், பஞ்சாபின் ஜேசிடிக்குப் போனார், எஃப்சி கொச்சினுக்குப் போனார். நாட்டின் முதல் தொழில்முறை கிளப் என்று கொண்டாடப்பட்ட எஃப்சி கொச்சின் சில வருடங்களில் சம்பளம் போட முடியாமல் மூடப்பட்டது. விஜயன் போலீஸுக்குத் திரும்பினார், 2025இல் அங்கிருந்து ஓய்வு பெற்றார். சென்னையில் இந்தியன் வங்கி தேசிய லீக் வரை போன அணி. இந்தியாவுக்கு ஆடிய சபீர் பாஷா அங்கே ஆடியவர். 1995-96இல் அந்த வங்கிக்கே ஆயிரம் கோடிக்கு மேல் நஷ்டம். அப்போதும் அணியைக் கலைக்கவில்லை. இதை ஐஎஸ்எல் உரிமையாளர்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

அந்த அணிகளுக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு ஊர் இல்லை. வங்கியின் பெயரைச் சொல்லி யார் தொண்டை கிழியக் கத்துவார்கள்? டிக்கெட் வருமானம் கிடையாது, சொந்த மைதானம் கிடையாது. புது ஆள் எடுப்பதை வங்கிகள் குறைத்துக்கொண்டதும் அணிகள் காய்ந்தன. அப்புறம் ஆசியக் கூட்டமைப்பின் கிளப் லைசென்ஸ் விதி வந்தது. நிறுவன அணிகள் அதில் தேறவில்லை என்று 2013இல் ஏர் இந்தியாவையும் ஓஎன்ஜிசியையும் ஐ-லீக்கில் இருந்து வெளியே அனுப்பினார்கள்.

இதே நோய் ஜப்பானுக்கும் இருந்தது. நான் சொல்ல நினைத்ததே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

1965இல் தொடங்கிய ஜப்பான் லீக்கில் இருந்தது அத்தனையும் கம்பெனி அணிகள். மிட்சுபிஷி, ஹிட்டாச்சி, ஃபுருகாவா எலெக்ட்ரிக், யன்மார். நகோயாவைச் சேர்ந்த ஒரு வங்கி அணிகூட இருந்தது. ஆட்டக்காரர்கள் அந்தந்தக் கம்பெனியின் ஊழியர்கள், உங்கள் பாஷையில் குமாஸ்தாக்கள். 1993இல் ஜே லீக் தொடங்கியபோது அவர்கள் இந்த அணிகளைத் தூக்கி எறியவில்லை, ஊர்களில் நட்டார்கள். மிட்சுபிஷி அணி உராவா ரெட்ஸ் ஆனது. மாட்சுஷிடா அணி காம்பா ஒசாகா. மாஸ்டா அணி சான்ஃப்ரெச்சே ஹிரோஷிமா. கம்பெனிப் பெயர் அணியின் பெயரில் இருக்கக்கூடாது, ஊர்ப் பெயர்தான் இருக்கவேண்டும் என்று லீக்கின் தலைவர் சபுரோ கவாபுச்சி ஒற்றைக் காலில் நின்றார். பெரிய பத்திரிகை முதலாளிகள் எதிர்த்தும் விட்டுக்கொடுக்கவில்லை. அவரே ஃபுருகாவா எலெக்ட்ரிக் அணியில் ஆடியவர், அந்தக் கம்பெனியின் ஊழியர்.

காஷிமா என்று ஓர் ஊர். நெய்வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். சுமிதோமோ உருக்காலை, அதைச் சுற்றி ஒரு டவுன்ஷிப், சாயங்காலம் போக்கிடம் இல்லாத தொழிலாளிகள். ஆலையின் அணி இரண்டாம் டிவிஷனில் இருந்தது. ஜே லீக்கில் இடம் கேட்டபோது கவாபுச்சி, வாய்ப்பே இல்லை, கூரை போட்ட பதினைந்தாயிரம் இருக்கை மைதானம் கட்டினால் வேண்டுமானால் பார்க்கலாம் என்றார். மறுக்கத்தான் அப்படிச் சொன்னார். அவர்கள் கட்டிவிட்டார்கள். பிரேசிலின் நட்சத்திர ஆட்டக்காரர் ஜீக்கோவை 1991இல் கூட்டிவந்தார்கள். காஷிமா ஆன்ட்லர்ஸ்தான் இன்று ஜே லீக்கில் அதிக முறை பட்டம் வென்ற அணி. 2019இல் உருக்காலை நிறுவனம் தன் பெரும்பான்மைப் பங்கை மெர்காரி என்ற இணைய வணிக நிறுவனத்துக்கு விற்றது. முதலாளி மாறினார். அணி அதே ஊரில், அதே பெயரில், அதே மைதானத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

ஜப்பானியர்களும் அடி வாங்கினார்கள். 1994இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தொன்பதாயிரத்துக்கு மேல் வந்த கூட்டம் 1997இல் பத்தாயிரமாகச் சுருங்கியது. 1998இல் ஸ்பான்சர் கைவிட்டதால் யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் இன்னோர் அணியோடு இணைக்கப்பட்டது. கலைக்கப்படப்போகிற அந்த அணி 1999 ஜனவரி 1 அன்று தன் கடைசி ஆட்டத்தில் ஜப்பானின் தேசியக் கோப்பையான எம்பரர் கோப்பையை வென்றது. அதன் ரசிகர்கள் பணம் சேர்த்து யோகோஹாமா எஃப்சி என்று ஒன்றை ஆரம்பித்தார்கள், 2007இல் அது முதல் டிவிஷனில் ஆடியது. லீக்கும் பாடம் படித்தது. ஒவ்வொரு கிளப்பின் வரவு செலவையும் வருடாவருடம் லீக்கே வெளியிடுகிறது. தொடர்ந்து மூன்று வருடம் நஷ்டம் காட்டினால் லைசென்ஸ் போய்விடும் என்று 2013 சீசனில் இருந்து விதி வைத்தார்கள். பத்து கிளப்போடு தொடங்கியது இன்று மூன்று டிவிஷனில் அறுபது. பெரிய ஒளிபரப்புப் பணம், இணைய ஒளிபரப்பு நிறுவனமான டாசோனின் 21,000 கோடி யென் ஒப்பந்தம், 2017இல்தான் வந்தது. இருபத்து நான்கு வருடம் கழித்து.

நாம் என்ன செய்தோம்? ஜேசிடி முதல் தேசிய லீக்கை வென்ற அணி, பஞ்சாபில் பக்வாரா என்ற ஊரின் ஆலை அணி. 2011இல் மூடினார்கள். மகிந்திரா யுனைடெட் 2005-06 சாம்பியன், அதை 2010இல் மூடினார்கள். யாரும் தடுக்கவில்லை. பக்வாராவுக்கு அந்த அணியைக் கொடுத்து, கொஞ்ச காலம் ஆலை பணம் போடட்டும், அதற்குள் ஊர் தாங்கக் கற்றுக்கொள்ளட்டும் என்று ஒரு திட்டம் போட ஆளில்லை. அதற்குப் பதிலாக நகரங்களின் பெயரை முதலாளிகளுக்கு விற்றோம். அதனால்தான் ஓர் அணியை ஹைதராபாத்தில் இருந்து டெல்லிக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போக முடிகிறது.

ஐஎஸ்எல்லுக்கு எதிர்காலம் உண்டா என்று கேட்டீர்கள். சம்மேளனம் யாரோடு அடுத்த ஒப்பந்தம் போடுகிறது என்பதைவிட எனக்கு முக்கியம் வேறு. நெய்வேலியில், பெரம்பூர் ஐசிஎஃப்பில், ஜாம்ஷெட்பூரில் ஏற்கெனவே மைதானமும் சம்பளமும் ஊரும் சேர்ந்து இருக்கிற இடங்களில் அணியை நட்டு, அவற்றை லைசென்ஸ் விதியின் பெயரில் விரட்டாமல், பத்து வருட அவகாசம் கொடுத்து ஊர்க் கிளப்பாக மாற்றுவார்களா? ஜாம்ஷெட்பூரில் டாட்டா ஓர் ஐஎஸ்எல் அணியை நடத்தி இதில் பாதியைச் செய்து காட்டியிருக்கிறது. மிச்ச இடங்களில் செய்யச்சொல்லிக் கேட்கிற குரலையே காணோம். உங்களைப் போன்றவர்கள் 'குமாஸ்தா' என்று சொல்லிவிட்டுப் போவதால்தான் காணோம்.

கோபத்தில் உங்கள் பையனை மறந்துவிட்டேன், பாருங்கள். பதினாறு வயதில் கால்பந்து தவிர வேறு நினைப்பில்லாத பிள்ளை கிடைப்பது பெரிய விஷயம், அவனைத் திட்டாதீர்கள். ஆடட்டும். ஆனால் பள்ளிக்கூடத்தை விடக்கூடாது. பள்ளிக்கூடம் போகவிடாத அகாடமி வேண்டாம், வேறு பாருங்கள். பிறகு, கல்லூரியிலும் பல்கலைக்கழக அணியிலும் ஆடுகிற பையனுக்கு இன்னமும் ரயில்வேயிலும் போலீஸிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கிறது. அந்த விளம்பரங்களை இன்றில் இருந்தே பார்த்து வையுங்கள்.

அந்த அகாடமியை நடத்துவது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியாக இருந்தால், கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் நூறு ரூபாய் கட்டி அதன் பேலன்ஸ் ஷீட்டை எடுத்துவிடலாம். இது உங்கள் தொழில், நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வருமானம் எவ்வளவு, இயக்குநர்களும் தாய்க் கம்பெனியும் கடனாகப் போட்டது எவ்வளவு, ஊழியர்களுக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி எவ்வளவு, மூன்று வருடத்துக்குப் பாருங்கள். ஒப்பந்தத்தில் காயம் பட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது என்று எழுதியிருக்கிறதா, அதையும் பாருங்கள். பார்த்துவிட்டு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.