குறைந்த காலமே வந்து, தமிழ் இலக்கியத்தை மாற்றிய இதழ் எது?

என் பதில் மணிக்கொடி. 1933 செப்டம்பரில் தொடங்கி, நடுவில் நின்று, மறுபடி எழுந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் தமிழ்ச் சிறுகதையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் யாரும் அதைத் தொடாமல் போக முடிவதில்லை.

ஸ்டாலின் சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் மூவரும் சேர்ந்து நடத்திய வாரப் பத்திரிகை அது. கடற்கரையில் உலாவும்போது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் பறந்த ஆங்கிலேயர் கொடியைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் தோன்றியது என்பார்கள். எங்கள் வடசென்னைப் பக்கத்திலிருந்து ராஜாஜி சாலை வழியாக பஸ்ஸில் போனால் கோட்டைக் கொடி கண்ணில் படும். அப்போதெல்லாம் அந்த மூவரை நினைத்துக்கொள்வேன்.

மணிக்கொடி என்றதும் எல்லோரும் பி.எஸ். ராமையா நடத்திய கதைப் பத்திரிகையைத்தான் சொல்கிறார்கள். அது 1935இல் தொடங்கிய இரண்டாவது கட்டம். முதல் கட்டம் பெரும்பாலும் அரசியல் வாரப் பத்திரிகை. சுதந்திரப் போராட்டச் சூடு ஆறாத பக்கங்கள். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ வந்தது அந்தக் கட்டத்தில், 1934 மே மாதத்தில். மில் கூலியான அம்மாளு, ஜட்கா ஓட்டும் புருஷன், தண்ணீர்க் குழாய், தண்டவாளம். பின்னி மில் சங்கு கேட்டு எழுந்த குடும்பங்களைச் சேர்ந்த பெரம்பூர்க்காரர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. தேச விடுதலை பற்றிய கட்டுரைகளோடு ஒரே பத்திரிகையில் அந்தக் கதையும் வந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நாட்டுக்கு விடுதலை கேட்டவர்கள் அம்மாளுவையும் பார்க்க வேண்டியிருந்தது. இலக்கியத்துக்கென்று தனி அறை ஒதுக்கிய இதழில் அதற்கு இந்தக் கூர்மை வந்திருக்காது.

அந்த முதல் கட்டம் ஏன் நின்றது? ரசனை இல்லாத வாசகர்கள்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1934 செப்டம்பரில் தினமணி தொடங்கியபோது சொக்கலிங்கம் அதன் ஆசிரியரானார். வ.ரா. கொழும்புக்கு, வீரகேசரி நாளிதழுக்குப் போனார். தோள் கொடுத்தவர்கள் பிரிந்த பிறகு ஒரு வாரப் பத்திரிகை எப்படி நிற்கும்?

அச்சு வேலையின் சுமையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். என் அப்பா மண்ணடியில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்டிக் என்கிற சிறிய கைத்தட்டில் அடுக்குவார். ஸ்டிக் நிறைந்ததும் கேலி என்கிற நீளத் தட்டுக்கு மாற்றி, புரூஃப் எடுத்து, திருத்தி, பக்கங்களைச் சட்டத்துக்குள் இறுக்கிப் பாரமாக்கி மிஷினுக்கு அனுப்புவார். ஓடி முடிந்த பிறகு அத்தனை எழுத்தையும் திரும்பப் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். ‘கை’, ‘கொ’ என்று எழுதினால் கொம்பும் காலும் தனித்தனி ஈயத் துண்டுகள். அவை தீர்ந்துபோனால் பழைய பாரம் பிரிகிற வரை அடுத்த பக்கம் காத்திருக்கும். வாரா வாரம் இதற்குக் கூலியும் காகித விலையும் கொடுத்துக்கொண்டு, விளம்பரத்தை நம்பாமல் பத்திரிகை நடத்துவது எளிய காரியம் அல்ல. ராமையா அதை மாதமிருமுறை இதழாக நடத்தியதில் இந்தக் கணக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ராமையாவின் காலம் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். கு.ப.ரா., பிச்சமூர்த்தி, சி.சு. செல்லப்பா எல்லோரும் எழுதினார்கள். சிறுகதையாசிரியர் மௌனியை எழுத வைத்ததும், அந்தப் புனைபெயரைச் சூட்டியதும் ராமையாதான். எம்.வி. வெங்கட்ராமின் முதல் கதை அவர் பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது மணிக்கொடியில் வந்தது. பெயர் தெரியாத பையனின் கதையைப் படித்துப் பார்த்து, பிடித்ததும் போட்டுவிடுகிற ஆசிரியர் எத்தனை பேருக்கு வாய்ப்பார்? 1938இல் ராமையா விலகினார். அதன்பின் இதழ் நீடிக்கவில்லை.

மேலும் படிக்க விரும்பினால் ராமையாவே எழுதிய ‘மணிக்கொடி காலம்’ நூலிலிருந்து தொடங்குங்கள். 1982இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பிறகு முதல் கட்டத்து இதழ்கள் எங்காவது கிடைத்தால் கதைகளை மட்டும் பொறுக்கிப் படிக்காமல், அரசியல் பக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள்.