முழு உதவித்தொகையை விட்டுவிட்டு ஜார்ஜ்டவுனுக்கு மாறலாமா?

சட்டப் படிப்பில் முதலாண்டில் முதல் ஐந்து சதவீதத்துக்குள் வந்திருக்கிறீர்கள், கட்டணம் முழுக்கத் தள்ளுபடி, இப்போது வாஷிங்டனில் இருக்கும் ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, போகலாமா என்கிறீர்கள். நானாக இருந்தால் போகமாட்டேன். ஆனால் படித்து முடித்து என்ன வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவே இல்லையே!

மாறி வருபவர்களுக்குப் பெரும்பாலும் உதவித்தொகை தரமாட்டார்கள். அங்கே கட்டணமே ஆண்டுக்கு 70,000 டாலருக்கு மேல், அப்புறம் வாஷிங்டன் வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மீதி இரண்டு வருடத்துக்கு இரண்டு லட்சம் டாலரைத் தொட்டுவிடும். 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற அமெரிக்க அரசின் மேற்படிப்புக் கடன் கிடையாது, மற்ற அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலரோடு நின்றுவிடும், மிச்சத்துக்குத் தனியார் வங்கி வாசலில்தான் நிற்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் ரேங்க் உங்களோடு வராது, படித்த பாடங்களுக்கான கிரெடிட் மட்டும்தான் வரும். என் அறைத்தோழன் இப்படித்தான் மாறினான். ஆகஸ்டில் பெட்டியோடு போய் இறங்கியபோது பெரிய சட்ட நிறுவனங்கள் பலவும் அடுத்த கோடைக்காலப் பயிற்சி வேலைக்கு ஆள் எடுத்து முடித்திருந்தன, பரிந்துரைக் கடிதம் கேட்கவும் பழைய பேராசிரியருக்குத்தான் மெயில் போட்டான்.

225,000 டாலர் சம்பளத்தில் தொடங்கும் பெரிய சட்ட நிறுவன வேலைதான் குறி என்றால், உங்கள் கல்லூரியில் போன வருடம் இதே ரேங்கில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நாளைக்கே கேளுங்கள். ஒருவருக்குக்கூட அப்படிப்பட்ட வேலை கிடைக்கவில்லை என்றால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். சரி, ஜார்ஜ்டவுனுக்குப் பதில் சொல்ல கடைசித் தேதி என்ன?