பெட்டி நிறைய அனுப்பியும் பிள்ளை இளைப்பது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. நான்கு மாதங்களுக்கு முன்பு உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்த்தோம். சேரும்போது 44 கிலோ இருந்தான், இப்போது 41. மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறான். அதனால் மாதாமாதம் பிஸ்கட், சிப்ஸ், சாக்லேட், வீட்டில் செய்த இனிப்பு என்று ஒரு பெரிய பெட்டி கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது. அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல் வேறு. சத்தாக வேறு என்ன அனுப்பலாம், டாக்டர்?

பதில்: பெட்டிக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த 3 கிலோ. 13 வயது என்பது வருடத்துக்கு நான்கைந்து கிலோ கூட வேண்டிய பருவம். இந்த வயதில் எடை ஏறாமல் நின்றாலே கவனிக்க வேண்டும். உங்கள் மகனுக்குக் குறைந்தே இருக்கிறது. "ஹாஸ்டல் சாப்பாடு, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த விடுமுறை வரை காத்திருக்காமல் ஒரு குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த சோகை, சர்க்கரை, தைராய்டு, குடல் புழு எல்லாவற்றையும் அவர் யோசிப்பார். அதிகத் தாகம், இரவில் பலமுறை எழுந்து சிறுநீர் கழிப்பது என்றால் அன்றைக்கே சர்க்கரை பார்க்க வேண்டும். சிறுவர்களுக்கு வரும் நீரிழிவு பல சமயம் இப்படி இளைப்பில்தான் தொடங்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், விட்டுவிட்டுக் காய்ச்சல், மலத்தில் இரத்தம் ஆகியவற்றையும் விசாரியுங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால், எனக்கு அந்தப் பெட்டி மேலேயே சந்தேகம். 100 கிராம் சிப்ஸில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு அதை முடித்தவன் எட்டு மணிக்கு மெஸ் வரிசையில் நிற்கமாட்டான். நின்றாலும் தட்டில் கொஞ்சம் போட்டு அளைந்துவிட்டு எழுந்துவிடுவான். அவனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 40 கிராம் புரதம் வேண்டும்; சிப்ஸ் பாக்கெட்டிலிருந்து ஆறேழு கிராம்கூடத் தேறுவது கஷ்டம். ஆக, முதல் வாரம் பெட்டியால் மெஸ் சாப்பாட்டைத் தவிர்க்கிறான். மீதி மூன்று வாரம் பெட்டியும் இல்லை, மெஸ் சாப்பாடும் பழகவில்லை.

இன்னொன்று, பெட்டி முழுவதையும் அவனே தின்றிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் விடுதியில் வளர்ந்தவன்தான். வீட்டிலிருந்து பார்சல் வந்த செய்தி என் காதுக்கு எட்டும் முன்பே அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். பங்கு போடுவது நல்லதுதான், நட்பே அதில்தான் தொடங்கும். ஆனால் விரும்பிக் கொடுக்கிறானா, பெரிய பையன்கள் பிடுங்கிக்கொள்கிறார்களா என்பதை நயமாகக் கேட்டுப் பாருங்கள். கொடுக்கத்தான் செய்வான் என்பதால், பங்கு போடுவதற்கென்றே ஒரு பாக்கெட் தனியாக வையுங்கள்.

மாதம் ஒரு பெரிய பெட்டிக்குப் பதில் பத்து நாளைக்கு ஒரு சின்னப் பெட்டி போதும். வேர்க்கடலை, பாதாம், பேரீச்சை, உலர்திராட்சை போல ஈரமில்லாதவை இருக்கட்டும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏறக்குறைய 7 கிராம் புரதம் இருக்கிறது. அறையில் யாருக்காவது கடலை ஒவ்வாமை உண்டா என்று மட்டும் வார்டனிடம் முதலில் கேளுங்கள். சாக்லேட்டும் வையுங்கள், அதற்காக அவன் காத்திருப்பான். நாள் முழுக்கக் கொறிக்காமல் சாப்பாட்டுக்குப் பிறகு தின்னட்டும், பல்லுக்கு நல்லது. எனர்ஜி பானங்கள் இந்த வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

வீட்டில் சமைத்த ஈரமான பண்டங்களை, பால் சேர்த்த இனிப்பு உட்பட, அனுப்பாதீர்கள். சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தாலே கிருமி பெருக ஆரம்பிக்கும். சில கிருமிகள் விட்டுச்செல்லும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. அவன் வயிற்று வலிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சத்து மாத்திரையையும் பெட்டியில் போடாதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் பள்ளி செவிலியர் கையில் கொடுங்கள்.

மலச்சிக்கலுக்கு நார்ச்சத்தும் தண்ணீரும் குறைந்திருப்பது ஒரு பாதி. மறுபாதியைப் பிள்ளைகள் வெளியே சொல்லமாட்டார்கள்: பொதுக் கழிப்பறையில் கூச்சம், தாழ்ப்பாள் சரியில்லை, காலையில் வெளியே வரிசை. அடக்கி அடக்கியே இறுகிப்போகும், அப்புறம் பசியும் மந்தமாகும். காலை உணவு முடிந்த கையோடு, மற்றவர்கள் கிளம்பிய பிறகு, பத்து நிமிடம் போய் உட்காரச் சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் குடல் தானாகவே அசைந்து கொடுக்கும். அந்தப் பத்து நிமிடத்தை வார்டனிடம் நீங்களே கேட்டு வாங்கிக் கொடுங்கள். தாழ்ப்பாள் விஷயத்தையும் காதில் போட்டுவிட்டு வாருங்கள்.

போனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். "இன்றைக்கு மெஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று கேளுங்கள். "யாரும் இல்லை" என்பதே நான்கு நாள் தொடர்ந்து பதிலாக வந்தால், பிரச்சினை சமையலில் இல்லை. அப்போது நேரில் போய் வகுப்பாசிரியரைப் பார்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் ஒரே எடைமெஷினில் நிறுத்தி எழுதி வையுங்கள், உயரத்தையும் சேர்த்து. அடுத்த மாதமும் முள் 41ஐத் தாண்டவில்லையென்றால், அந்தத் தாளோடு மறுபடி மருத்துவரிடம் போங்கள்.