300 மீட்டருக்கு 63 எம்எம் பைப்: மோட்டாரை மாற்றலாமா?

கேள்வி: கிணற்றிலிருந்து வயல் 300 மீட்டர். 63 எம்எம் பிவிசி பைப், 5 எச்பி மோட்டார். கடைசியில் நிமிடத்துக்கு 300 லிட்டர்தான் விழுகிறது. 7.5 எச்பி போடச் சொல்கிறார் கடைக்காரர். போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் பைப்பைப் பாருங்கள். வினாடிக்கு 5 லிட்டர் ஓடினால், 63 எம்எம் பைப்பில் உராய்வுக்கு மட்டுமே 100 மீட்டருக்கு ஏறக்குறைய 5.7 மீட்டர் ஹெட் (பம்ப் தண்ணீரைத் தள்ள வேண்டிய உயரம்) போய்விடும். 300 மீட்டருக்கு மொத்தம் 17 மீட்டர். கிணறு இன்னும் 55 அடி ஆழமானதற்குச் சமம். அதே தண்ணீருக்கு 75 எம்எம்மில் 7 மீட்டர்தான், 90 எம்எம்மில் 3 மீட்டர்கூட இல்லை.

பெரிய மோட்டார் போட்டுத் தண்ணீரைக் கால்பங்கு கூட்டினால் உராய்வு ஒன்றரை மடங்காகி 26 மீட்டரைத் தொடும். வாங்கிய எச்பியைப் பைப்பே தின்றுவிடும். மின்சாரம் இலவசம் என்பதால் இந்த நஷ்டத்தை யாரும் கணக்கில் வைப்பதே இல்லை.

பழைய பைப்பைத் தோண்ட வேண்டாம். பக்கத்திலேயே இன்னொரு 63 எம்எம் லைன் போட்டு இரு முனையிலும் இணைத்தால், அதே தண்ணீருக்கு இழப்பு 5 மீட்டருக்குள் அடங்கும். ஹெட் குறைந்தால் தண்ணீரும் ஆம்பியரும் ஏறும். மோட்டார் பிளேட்டில் உள்ள அளவை ஆம்பியர் தாண்டினால் கேட்வால்வைச் சற்று மூடுங்கள்.

கடையில் "2 இன்ச்" என்ற பேச்சையே ஏற்காதீர்கள். 63 எம்எம் என்பது வெளிவிட்டம். தண்ணீர் ஓடும் உள்விட்டம் சுமார் 58தான். எம்எம், ஐஎஸ் 4985 (பிவிசி பைப்புக்கான இந்தியத் தர எண்), 4 கிலோவா 6 கிலோவா (பைப் தாங்கும் அழுத்தம்), மூன்றும் பில்லிலும் பைப்பின் மேலும் இருக்க வேண்டும்.

இந்த உராய்வுக் கணக்குக்கு ஒரே விதிவிலக்கு சொட்டுநீர் லேட்டரல், அதாவது சொட்டுவான்கள் பொருத்திய சிறு பைப். வழிநெடுகத் தண்ணீர் இறங்கிவிடுவதால் போகப்போக ஓட்டம் குறையும். முழுத் தண்ணீரும் கடைசிவரை போவதாகக் கணக்கிட்டால் வரும் இழப்பில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் உண்மையில் இருக்கும். சொட்டுவான்கள் 20க்கு மேல் இருந்தால் இப்படி எடுக்கலாம், லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரித்துத் தரும் சப்மெயினுக்கும் ஓரளவு இதே கதை. ஆனால் நடுவில் கிளையில்லாத மெயின் பைப்புக்கு இது பொருந்தவே பொருந்தாது. மானியத்தில் சொட்டுநீர் போட்டுத் தருபவர்களின் டிசைன் தாளில் மெயினுக்கும் இதே சலுகை போட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே பொருள் பட்டியலை எல்லா வயலுக்கும் நகலெடுப்பதை எப்போதுதான் நிறுத்துவார்களோ!

பைப் வாங்கும் முன், கிணற்றடியிலேயே லைனைக் கழற்றி 200 லிட்டர் பேரல் நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். அங்கேயும் 40 வினாடி (அதே நிமிடத்துக்கு 300 லிட்டர்) ஆனால் மட்டும் பம்ப்செட்டையும் கிணற்று ஊற்றையும் சந்தேகப்படுங்கள்.