பெங்களூருப் பிள்ளைகளும் சமூக அறிவியலும்: டீச்சரிடம் கேளுங்கள்

நெடுங்காலம் பள்ளியில் சமூக அறிவியல் கற்பித்த ஆசிரியை ஒருவர், பெங்களூருத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அல்சூர்: வணக்கம் டீச்சர். எட்டாவது படிக்கும் என் மகன் சோஷியலில் 40-க்கு 38 வாங்குகிறான். சேலத்துக்கு ரயிலில் போகும்போது எந்தத் திசையில் போகிறோம் என்று கேட்டால் விழிக்கிறான். பள்ளியில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள் அம்மா. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு எழுத்துத் தேர்வின் 80 மதிப்பெண்ணில் வரைபடத்துக்கு 5 தான். எந்தெந்த இடங்களைக் கேட்பார்கள் என்ற பட்டியலும் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். அணையையும் சுரங்கத்தையும் மனப்பாடம் செய்து குறித்துவிட்டால் போதும். திசை அங்கே தேவைப்படுவதே இல்லை.

வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையச் சொன்னால் பிள்ளைகள் அருமையாக வரைவார்கள். ஒரு பையன் மாவு மில், வேகத்தடை, நாய் படுத்திருக்கும் முனை வரை எதையும் விடவில்லை. வடக்கு எது என்றதும் தாளின் மேல்பக்கத்தைக் காட்டினான். காலை வெயிலில் வாசலுக்கு அழைத்துப்போய், தாளைத் தரையில் வைத்துத் தெருவோடு பொருந்தும்வரை திருப்பச் சொன்னேன். அதற்கு ஒரு பீரியடு முழுதாகப் போயிற்று. பாடம் முடிக்க ஓடும் பள்ளிகள் அந்த ஒரு பீரியடைத்தான் தர மறுக்கின்றன.

ஒயிட்பீல்டு: வீட்டில் நாங்கள் எதிலிருந்து தொடங்கலாம்?

குழாயைத் திறந்து காட்டுங்கள். நகருக்கு வரும் காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, ஏறக்குறைய 500 மீட்டர் மேலேற்றப்பட்டு வருகிறது. ஏன் ஏற்ற வேண்டும் என்று பிள்ளை கேட்கும். நாம் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில் மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் பதில். தக்காணப் பீடபூமி என்ற பாடம் அங்கேயே புரிந்துவிடும். அடுத்து, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். நகரின் மேற்குச் சரிவில் விழுவது விருஷபாவதி, அர்க்காவதி வழியாக மறுபடி காவிரிக்கே போகிறது. உங்கள் கிழக்குப் பக்கத்து நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையில் சேர்கிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும் செய்தியைப் படித்திருப்பீர்கள். அந்த ஆறுதான் கடலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் விவசாயம் செய்பவர்கள் யார் என்று பிள்ளையை யோசிக்க விடுங்கள். குடிமையியலும் அதிலேயே வந்துவிடும்.

கே.ஆர்.புரம்: ஆறாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் ஒரே புத்தகமாகிவிட்டதே, நல்லதா?

2024-இல் சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு வந்த மாற்றம். சேர்த்துப் படிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வரலாறு படித்த ஆசிரியர் புவியியல் பக்கங்களை வாசித்துவிட்டு நகர்ந்தால், புத்தகம் ஒன்றானாலும் மூன்றானாலும் ஒன்றுதான்.

ஜாலஹள்ளி: மாநிலப் பாடத்திட்டத்தில் கர்நாடக வரலாறே அதிகம். நம் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு தெரியாமல் போகிறதே?

வாழும் மண்ணை முதலில் தெரிந்துகொள்ளட்டும் ஐயா. தமிழும் அதில் இருக்கிறது. தொம்லூர் சொக்கநாதர் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் ஹொய்சளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளைக் காட்டுங்கள். பேகூரில் பெங்களூரு என்ற பெயர் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. 1537-இல் கெம்பேகவுடா கோட்டை கட்டியதற்கு ஆறு நூற்றாண்டுக்கும் முந்தியது அது. இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடலாம்.

சர்ஜாபூர் ரோடு: மகள் கணினித்துறைக்குத்தான் போகப்போகிறாள். சோஷியலுக்கு இவ்வளவு நேரம் எதற்கு?

2022 செப்டம்பர் வெள்ளத்தில் உங்கள் பக்கத்துக் கணினி ஊழியர்கள் டிராக்டரில் அலுவலகம் போனார்கள். ஏரிகளை இணைக்கும் ராஜகாலுவே என்ற மழைநீர்க் கால்வாயை மறித்துக் கட்டடம் எழுப்பினால் மழைநீர் தாழ்வான இடம் தேடி வீட்டுக்குள்தான் வரும். இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் பகுதிக்குரியதை இறக்கி, சம உயரக் கோடுகளையும் ஏரிகளையும் மகளோடு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் வீடு மேட்டிலா பள்ளத்திலா என்று அவளே சொல்லட்டும்.