தராசைப் பார்த்துவிட்டு மீனுக்குத் தலையாட்டுங்கள்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறோம். கடலோரத் தவெர்னாவில் (அந்த ஊர்ச் சாப்பாட்டுக் கடை) மீன் சாப்பிட்டால் பில் எகிறிவிடுமாமே?

பதில்: மெனு அட்டையைச் சரியாகப் படிக்காதவர்களுக்குத்தான் எகிறும். முழு மீனுக்கு அங்கே போட்டிருப்பது பெரும்பாலும் கிலோ விலை; தட்டு விலை என்று நினைத்துத் தலையாட்டிவிடுகிறார்கள். கிலோ 60 யூரோ மீனில் 1.4 கிலோ எடையுள்ளதை எடுத்துச் சுட்டு வைத்தால் 84 யூரோ. அப்புறம் சண்டை போட்டுப் பயனில்லை.

உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆர்டர் கொடுக்காதீர்கள். எழுந்து போய் ஐஸில் அடுக்கியிருக்கும் மீனைப் பாருங்கள். அது அங்கே வழக்கம்தான், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கண் குழிந்து வெளுத்திருந்தால் வேண்டாம். புடைத்துப் பளபளக்க வேண்டும், செவுள் நல்ல சிவப்பாக இருக்க வேண்டும். பிடித்ததைக் காட்டி, உங்கள் கண்ணெதிரே தராசில் வைக்கச் சொல்லி, தொகையைக் கேட்டுக்கொண்டு, பிறகு அடுப்புக்கு அனுப்புங்கள். குடலும் செதிலும் எடுப்பதற்கு முந்தைய எடைக்குத்தான் விலை. அதனால் தட்டில் வரும்போது மீன் இளைத்துத் தெரிவது ஏமாற்று அல்ல. தலைக்கு 350 முதல் 400 கிராம் என்று கணக்கு வைத்தால் போதும்.

‘சிபூரா’, ‘லவ்ராக்கி’ இரண்டும் பெரும்பாலும் பண்ணை மீன்கள், விலையும் அடக்கம். ‘பார்பூனி’ என்கிற சிவப்புச் சிறுமீன் ருசியில் ஒரு படி மேல், விலையில் மூன்று படி மேல். கையைக் கடிக்காமல் சாப்பிட மத்தியும், ‘காவ்ரோஸ்’ என்கிற நெத்திலி வகையும் இருக்கின்றன. பொரித்த காவ்ரோஸை முள்ளோடு மென்றுவிடலாம். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைந்த சரக்கு என்று அர்த்தம். கணவாயும் இறாலும் பல கடைகளில் அப்படித்தான் வரும்.

கேள்வி: நான் சுத்த சைவம். சாலடை மட்டும் தின்றுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதானா?

பதில்: தேவையே இல்லை. ‘லாதெரா’ என்று கேளுங்கள்: ஆலிவ் எண்ணெயில் தக்காளியோடு நிதானமாக வேகவைத்த பீன்ஸ், வெண்டைக்காய், கத்தரிக்காய் வகைகள். பெரிய வெள்ளை மொச்சை போன்ற ‘கிகாந்தெஸ்’ வயிற்றை நிரப்பும். சாந்தோரினித் தீவில் ‘ஃபாவா’ என்பது மஞ்சள் பருப்பு மசியல். மேலே நறுக்கிய வெங்காயம், எண்ணெய். அரிசி அடைத்த தக்காளி ‘கெமிஸ்தா’வில் கொத்திறைச்சி கலப்பதும் உண்டு, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. அந்த ஊர்க் கிறிஸ்தவர்களின் விரத உணவு, அதாவது ‘நிஸ்தீசிமோ’ என்று சொன்னால் இறைச்சி, முட்டை, பால் இருக்காது. ஆனால் கணவாய், ஆக்டோபஸ், சிப்பி எல்லாம் அந்த விரதத்துக்கு ஆகும்! ஆகவே ‘கடல் பிராணியும் கூடாது’ என்று தனியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: சாந்தோரினியின் ஈயா ஊரில் சூரிய அஸ்தமனத்தைப் பார்த்தபடியே இரவுச் சாப்பாடு. எத்தனை மணிக்கு மேசை பிடிப்பது?

பதில்: ஜூன் கடைசியில் அங்கே சூரியன் மறைய ஏறக்குறைய 8.40 ஆகும், செப்டம்பர் கடைசியில் ஏழரைக்குள் மறைந்துவிடும். ஒரு மணி நேரம் முன்னால் போய், ‘மெசேதெஸ்’ என்கிற சிறு தட்டுகளோடு தொடங்கி, வெளிச்சம் போன பிறகு மீனைச் சொல்லுங்கள். மீனும் அஸ்தமனமும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டில் ஒன்று ஆறிப்போகும். முன்பதிவில் ‘கடல் பார்த்த மேசை’ என்று பொதுவாகச் சொல்லாமல் முன்வரிசை என்றே கேளுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலில் ‘மெல்தெமி’ என்ற வடகாற்று வீசும். மேசை விரிப்பை நான்கு பக்கமும் கிளிப் போட்டு இறுக்கியிருந்தால் குறிப்பறிந்து, சுவர் மறைவில் உட்காருங்கள். தெற்கு பார்த்த குடாக்களில் இந்தத் தொல்லை குறைவு.

கேள்வி: ஆக்டோபஸைத் துணி உலர்த்துவது போலக் கொடியில் தொங்கவிடுகிறார்களே, அழகுக்கா?

பதில்: படம் எடுப்பவர்களுக்கு அழகு, சமையல்காரருக்கு வேலை. அதன் சதையில் நீர் அதிகம். அப்படியே கரியடுப்பில் போட்டால் தன் நீரிலேயே வெந்து ரப்பராகும். வெயிலில் நீர் வற்றினால்தான் மேல்புறம் கருகலாக முறுகும். அதற்கு முன்பே பாறையில் அடித்து நாரை உடைத்திருப்பார்கள்.

கேள்வி: ஊசோ என்கிற சோம்பு மணக்கும் கிரேக்க மதுவில் தண்ணீர் விட்டால் பால் போல ஆகிறது. கலப்படமா?

பதில்: இல்லை. சோம்பு வகை எண்ணெய் ஆல்கஹாலில் கரையும், நீரில் கரையாது. துளித்துளியாகப் பிரிந்து வெளுக்கிறது. முதலில் தண்ணீர், பிறகு ஐஸ். வெறும் ஊசோவில் ஐஸைப் போட்டால் மேலே படிகம் படியும்.

கேள்வி: கேட்காமலே ரொட்டி வைத்தார்கள், பில்லில் சேர்த்துவிட்டார்கள். டிப்ஸும் தர வேண்டுமா?

பதில்: அது ‘குவேர்’, மேசையில் வைக்கும் ரொட்டிக்கான கட்டணம். வேண்டாமென்றால் கூடை வந்ததுமே திருப்பி அனுப்புங்கள். ஆனால் சாலட் தட்டின் அடியில் தேங்கும் தக்காளிச் சாறும் எண்ணெயும் அந்த ரொட்டிக்காகவே இருப்பவை. அனுப்பினால் நஷ்டம் உங்களுக்கு. டிப்ஸ் கட்டாயமில்லை, மனம் நிறைந்தால் 5 முதல் 10 சதவீதம் வையுங்கள். நீங்கள் கேட்கும்வரை பில் வராது, ‘லொகாரியஸ்மோ’ என்றால் கொண்டுவருவார்கள். முறையான ரசீது தராவிட்டால் பணம் தர வேண்டியதில்லை என்று மெனு அட்டையிலேயே அச்சிட்டிருக்கும்.